சுவருக்குள் உறங்கும் கம்பி

ஆறு நிறைய நீர் வந்தும் கடைமடை காய்ந்து கிடப்பதை உழவர் குடும்பங்கள் நன்கறியும். இன்று நம் இல்லங்களுக்குள்ளும் அத்தகைய கடைமடைகள் தோன்றியுள்ளன. ஃபைபர் என்று எல்லாரும் சொல்லும் கண்ணாடி இழை வழியாக இணையம் தெருவைக் கடந்து, வாசலைக் கடந்து, கூடம் வரை வந்துவிடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி விளக்கு மினுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறது. ஆனால் அடுக்களைக்கு அப்பாலுள்ள பின்னறைக்கு அது எட்டுவதில்லை. முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் இதைக் கண்ணாரக் காண்கிறோம். வீட்டில் எவருக்கு அது மிகவும் தேவையோ, அவர் படுத்திருக்கும் அறையே அலை எட்டாத அறையாக இருந்துவிடுகிறது.

கடல் கடந்தும் இதே கதைதான். நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பெற்றோர், அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் மாசசூசெட்சிலும் குடியிருக்கும் தம் மக்களிடம் சில மாதங்கள் தங்கித் திரும்புகின்றனர். “பேரப்பிள்ளைகளோடு இருந்தோம், ஒரு குறையுமில்லை சாமி. எங்களுக்குக் கொடுத்த கீழறையில்தான் போன் சுற்றிக்கொண்டே இருக்கும், நம் கோயில் பூசையைப் பார்க்க மாடிப்படி ஏற வேண்டியிருந்தது” என்று அவர்கள் சொல்வதுண்டு. (உடல் நலத்தோடு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பூசை காண்பதைவிட அவ்வூர்ப் பங்குக் கோயிலுக்கு நடந்தோ காரிலோ செல்வதே முறை என்பதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறோம். மொழி புரியவில்லை என்பது காரணமாகாது, பூசை ஒன்றுதான்.) அது நிற்க. அக்கீழறைக்கு இணையத்தைக் கொண்டு செல்ல ஒரு வழி, பெரும்பாலும் அந்த வீட்டுச் சுவருக்குள்ளேயே, பல்லாண்டுகளாகப் பயனற்று உறங்கிக் கிடக்கிறது. அவ்வழியைப் பற்றியதே இக்கட்டுரை. அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பவும், நம் வீட்டில் எது பொருந்தும், எது பொருந்தாது என அறியவும் இது உதவும்.

முதலில் அந்நாட்டு வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளைப் போல் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு அவை எழுப்பப்படுவதில்லை. மரச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் பலகை அடித்து எழுப்பிய வீடுகளே மிகுதி. மரத்தையும் ஜிப்சம் பலகையையும் வானொலி அலை எளிதில் ஊடுருவும் என்பது உண்மையே. எனினும் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய பழைய வீடுகள் பலவற்றில், சுவருக்குள் இரும்புக் கம்பிவலையை விரித்து அதன்மேல் சாந்து பூசியிருப்பார்கள். அந்த வலை வைஃபை அலைக்கு ஓர் இரும்புத் திரையாகி விடுகிறது. நடுவே செங்கற் புகைபோக்கி வேறு. ஃபைபர் நிறுவனத்தார் தம் பெட்டியை மின்பலகைக்கு அருகில், பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையிலோ, கார் நிறுத்தும் கொட்டகையிலோ பொருத்திவிட்டுச் செல்வது வழக்கம். ரௌட்டரும் அதன் பக்கத்திலேயே அமர்ந்துவிட்டால், வீட்டின் மறுகோடி கடைமடையாகிறது.

இதற்கு மக்கள் செய்யும் பரிகாரங்கள் சில. அலையைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் சிறு பெட்டிகளை வாங்கிச் சுவரில் மாட்டுகின்றனர். நடுவிலுள்ள பெட்டி ஒரு காதால் கேட்டதையே அதே அலையில் மறுபடி சொல்ல வேண்டியிருப்பதால், வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. மின்கம்பி வழியே இணையத்தை அனுப்பும் கருவிகளும் உள்ளன. ஒரு வீட்டில் நன்றாக ஓடுவது அடுத்த வீட்டில் தடுமாறும். அறைதோறும் லேன் கேபிள் இழுப்பதே சிறந்தது. ஆனால் கட்டி முடித்த மரவீட்டில் சுவரையும் தளத்தையும் துளைத்து அதைச் செய்ய அந்நாட்டுக் கூலிக்குப் பெருந்தொகை ஆகும்.

இந்த இடத்தில்தான் பழைய தொலைக்காட்சிக் கம்பி நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்க வீடுகளில் கூடத்திற்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று, கேபிள் டி.வி.க்காகக் கருநிறத்திலோ வெண்ணிறத்திலோ தடித்த கம்பிகள் ஓடும். சுவரில் ஒரு சிறு தகட்டில் திருகு மரையுடன் கூடிய பித்தளை முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே கோஆக்சியல் கேபிள். ஒரே அச்சைக் கொண்டது என்பது அப்பெயரின் பொருள். நடுவில் ஒரு செம்புக் கம்பி, அல்லது செம்பு பூசிய எஃகுக் கம்பி. அதைச் சுற்றி வெண்மையான நுரைப்பிளாஸ்டிக். அதன்மேல் மெல்லிய உலோகத் தாளும் பின்னிய கம்பிவலையும். எல்லாவற்றுக்கும் மேல் ரப்பர் போன்ற உறை. நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையிலேயே குறியலை அடங்கி ஓடுகிறது. எனவே உள்ளிருப்பது வெளியே சிந்துவதில்லை. வெளியிலுள்ள இரைச்சல் உள்ளே புகுவதுமில்லை.

இக்கம்பியின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்தவரும், காது கேளாமையால் அவதியுற்றவரும், தாமாகவே கணிதம் பயின்றவருமான ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர் 1880ஆம் ஆண்டிலேயே இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1929இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்பன்ஷீட், ஆஃபெல் என்னும் இருவர் அதனை அகன்ற அலைவரிசையைத் தாங்கும் கம்பியாக வடிவமைத்தனர். 1936இல் நியூயார்க்குக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் இடையே சோதனையாக இடப்பட்ட கம்பி ஒரே நேரத்தில் 240 தொலைபேசி உரையாடல்களைச் சுமக்க வல்லதாயிருந்தது.

பின்னர் 1948 வாக்கில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்து மலையடிவார ஊர்களில், குன்று மறைத்ததால், நகரத்துத் தொலைக்காட்சி அலை வந்து சேரவில்லை. மலையுச்சியில் ஒரு பெரிய ஆன்டெனாவை நிறுத்தி, அங்கிருந்து கம்பி வழியே ஊருக்குள் படத்தைக் கொண்டுவந்தனர். ஆரிகன் மாநிலத்திலும் இவ்வாறே செய்தனர். கேபிள் டி.வி. பிறந்த கதை இதுவே. மலை மறைத்தவர்களுக்காகப் பிறந்த கம்பி அது. இன்று சுவர் மறைத்தவர்களுக்கும் அதே கம்பி பயன்படுகிறது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஒளியிழையின் வரலாறு இதனினும் இளையது. சீனத்து ஷாங்காயில் பிறந்த சார்லஸ் காவோ, மாசு நீக்கிய கண்ணாடி இழையில் ஒளியை நெடுந்தொலைவு அனுப்ப இயலும் என்று 1966இல் எழுதினார். அதற்காக 2009இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். இன்று வீட்டுக்கு வரும் இழையின் குறுக்களவு, உறையை நீக்கிப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. ஒளி ஓடும் உட்பகுதியோ அதனினும் பன்மடங்கு நுண்ணியது. இதனை வெட்டவும் ஒட்டவும் தனிக் கருவி வேண்டும். கண்டபடி மடக்கினால் ஒளி கசிந்துவிடும். ஆகவேதான் இழை ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அங்குள்ள ஓ.என்.டி. என்னும் பெட்டி ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. அதற்கு அப்பால் அறைதோறும் கொண்டு செல்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

தொலைக்காட்சிக் கம்பியையே அதற்கு வழியாக்கலாம் என்ற எண்ணத்தை அமெரிக்காவில் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவற்றுள் வெரைசன் நிறுவனத்தின் ஃபயோஸ் சேவை முதன்மையானது. 2005 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்துக் கெல்லர் என்ற ஊரில் அந்நிறுவனம் ஒளியிழை வழியே தொலைக்காட்சியை வழங்கத் தொடங்கியது. வீட்டுக்குள் புதிய கம்பி இழுக்கும் செலவைத் தவிர்க்க, ஏற்கெனவே இருந்த கோஆக்சியல் கம்பியிலேயே படத்தையும் இணையத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். இதற்கென 2004இல் நிறுவனங்கள் பல கூடி அமைத்த ஒரு கூட்டமைப்பு வகுத்த முறைக்கு ‘மோக்கா’ என்று பெயர். (காப்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து அப்படி ஒலிக்கின்றன.)

ஒரே கம்பியில் படமும் இணையமும் எவ்வாறு மோதாமல் செல்கின்றன? கேபிள் டி.வி.யின் அலைவரிசைகள் ஏறத்தாழ 1,000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடுகின்றன. மோக்காவோ 1,125 முதல் 1,675 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இயங்குகிறது. ஒரே சாலையில் மாட்டுவண்டிக்கு ஒரு பக்கமும் காருக்கு ஒரு பக்கமும் ஒதுக்கியதைப் போன்றது இது. கேபிள் வழியாகவே இணையம் பெறும் வீடுகளில், புதிய வகைக் கேபிள் மோடங்கள் 1,218 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி வருவதால், இவ்வெல்லையில் உரசல் நேர்வதுண்டு. ஃபைபர் வந்துவிட்ட வீட்டிலோ அந்தத் தொல்லை இல்லை. கேபிள்காரர் விடைபெற்றுச் சென்றார். கம்பி முழுவதும் வீட்டுக்காரருக்கே மிச்சம்.

வேகமும் படிப்படியாக உயர்ந்துள்ளது. தொடக்க காலத்து மோக்கா நொடிக்கு 100 மெகாபிட், அடுத்தது 175 மெகாபிட் என்று இருந்தது. 2010இல் வந்த இரண்டாம் பதிப்பு 500ஐயும், இரு தடங்களைப் பிணைத்தால் 1,000ஐயும் எட்டியது. 2016இல் வெளியான 2.5 என்னும் பதிப்பு நொடிக்கு 2,500 மெகாபிட் வரை தாங்கும். ஒரு கம்பியமைப்பில் 16 கருவிகள் வரை சேரலாம். ஆயின் ஒன்றை மறக்கலாகாது. இந்த வேகம் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே உரியதன்று. எல்லா அறைகளும் பகிர்ந்துகொள்வது. ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசும். எது எப்போது பேசலாம் என்று கருவிகளுள் ஒன்றே முறைவைத்துக் கொடுக்கும். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று மடை திறந்து விடுவாரே, அதே ஏற்பாடுதான். இம்முறைவைப்பினால் சில மில்லிநொடி தாமதம் கூடும். பூசை காண்பவரோ பாடம் படிப்பவரோ அதை உணரமாட்டார்.

இனிச் செய்முறைக்கு வருவோம். அவசரப்படுபவர்கள் கருவியை வாங்கி மாட்டிவிட்டு, ‘வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கருவியை வாங்கும் முன்னரே பாதி வேலையை முடித்திருக்க வேண்டும்.

முதலில், அறைகளிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் எங்கே கூடுகின்றன என்று தேட வேண்டும். நிலவறையின் உத்தரத்திலோ, பரணிலோ, வெளிச்சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டியிலோ அவை கூடும். அங்கே ஸ்பிளிட்டர் என்னும் கைப்பிடி அளவு உலோகத் துண்டு ஒன்று, ஒரு கம்பியைப் பலவாகப் பிரித்துக்கொண்டு இருக்கும். எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டிவிட வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஓர் அறையின் முனையில் நடுக்கம்பியையும் வெளியுறையையும் ஒரு சிறு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, கூடுமிடத்தில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் ஓசையெழுப்பும். அதுவே அவ்வறையின் கம்பி. வேறு கருவி எதுவும் மாட்டியிராதபோதுதான் இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

அடுத்து, தெருவிலிருந்து வரும் பழைய கேபிள் நிறுவனத்துக் கம்பியை அவிழ்த்துத் தனியே விட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. அவ்வாறு விட்டுவிட்டால் வீட்டுக்குள் ஓடவேண்டிய குறியலை தெருவுக்கும் ஓடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது அண்டை வீட்டாரின் கம்பியைச் சென்றடையவும் கூடும். ஆளில்லாத வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவதற்கு இது ஒப்பாகும். கேபிள் டி.வி. இன்னும் தேவைப்படும் வீடுகளிலும், பிற குடும்பங்களோடு கம்பியைப் பகிரும் கட்டடங்களிலும், கம்பி நுழையுமிடத்தில் விரல் நீள வடிகட்டி ஒன்றைத் திருகிவிட வேண்டும். பி.ஓ.இ. ஃபில்டர் என்று அதைக் கேட்டு வாங்கலாம். விலை பத்து டாலரை ஒட்டி இருக்கும். தொலைக்காட்சியின் அலையை அது உள்ளே விடும்; மோக்கா அலையை வெளியே விடாமல் திருப்பியனுப்பிவிடும். அவ்வாறு திருப்பியனுப்புவதால் உள்ளிருக்கும் குறியலையும் சற்று வலுப்பெறுகிறது.

மூன்றாவது, ஸ்பிளிட்டர். பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் இதுவே எனலாம். பழைய ஸ்பிளிட்டர்கள் தொலைக்காட்சிக்கென்று, அதாவது 1,000 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமே செய்யப்பட்டவை. அந்த அளவு அதன் முதுகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மோக்காவுக்கு 1,675 வரை எழுதியதை வாங்க வேண்டும். மேலும், தொலைக்காட்சியில் குறியலை ஒரு வாயிலிருந்து மற்ற வாய்களுக்கு இறங்கினால் போதும். இங்கோ ஓர் அறையின் வாயிலிருந்து மற்றோர் அறையின் வாய்க்குத் தாவ வேண்டும்; அதற்கென்று செய்தது எளிதில் தாவவிடும். தேவைக்கு மேற்பட்ட கிளைகளும் கூடாது. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்குச் சற்றுக் குறைவான வலுவே சேரும். நான்காகப் பிரித்தால் ஐந்தில் ஒரு பங்கு. எட்டாகப் பிரித்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும். பயன்படுத்தாத வாயை வெறுமனே விடாமல் 75 ஓம் மூடியால் அடைக்க வேண்டும். இரண்டே அறைகளை இணைப்பதானால் ஸ்பிளிட்டரே வேண்டாம். இரு கம்பிகளையும் ஒரு சிறு உருளைத் திருகால் நேராக இணைத்துவிடலாம். இதைவிட நல்ல இணைப்பு வேறில்லை. நடுவே தொலைக்காட்சிக்கான பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதேனும் இருந்தால் அதை அகற்றிவிடுக. மோக்கா அலையை அது பெரும்பாலும் மறித்துவிடும்.

இத்தனைக்கும் பின்னரே கருவி. வெரைசன் தந்த ரௌட்டர்கள் பலவற்றில் மோக்கா உள்ளேயே அமைந்துள்ளது. பின்புறம் கோஆக்சியல் முனை இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவ்வாறாயின் மறுகோடி அறைக்கு ஓர் அடாப்டர் போதும். இல்லையேல் ரௌட்டருக்கு அருகில் ஒன்று, அறையில் ஒன்று என இரண்டு வேண்டும். 2.5 பதிப்பு அடாப்டர் இரண்டும் சேர்ந்து நூறு டாலருக்குச் சற்று மேல் ஆகலாம். ரௌட்டரின் லேன் துளையிலிருந்து முதல் அடாப்டருக்கு ஒரு சிறு கேபிள்; அடாப்டரிலிருந்து சுவர் முனைக்குக் கோஆக்சியல்; மறுகோடியில் சுவர் முனையிலிருந்து இரண்டாம் அடாப்டருக்கு. சற்று நேரத்தில் இரண்டிலும் ‘கோக்ஸ்’ என்றெழுதிய விளக்கு நிலையாக எரியும். எரியாவிட்டால் கருவியைப் பழிக்குமுன் திருகு முனைகளைப் பார்க்க வேண்டும். விரலால் திருகியது போதாது. சிறு ஸ்பானரால் ஒரு பிடி பிடிக்க வேண்டும். முனையில் நடுக்கம்பி வளைந்தோ, வெளிவலையின் ஓர் இழை அதைத் தொட்டுக்கொண்டோ இருந்தாலும் குறியலை கெடும்.

அடாப்டர் தருவது லேன் முனை மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பேசிக்கு அதைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. அம்முனையில் வைஃபை தரும் சிறு பெட்டியொன்றை இணைத்தால்தான் அறையில் அலை பரவும். புதிய பெட்டி வாங்குமுன் வீட்டில் ஒதுக்கிய பழைய ரௌட்டர் இருந்தால் அதையே ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றிப் பயன்படுத்தலாம். கடைசியாக, பூட்டு. கம்பியில் ஓடுவதைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைக்கும் கடவுச்சொல் வசதி மோக்கா கருவிகளில் உண்டு. ஆனால் பலவற்றில் அது பூட்டப்படாமலே கடையிலிருந்து வருகிறது. எல்லா அடாப்டர்களிலும் ஒரே கடவுச்சொல்லை இட்டுப் பூட்டிவிட வேண்டும். தனி வீட்டாரும்கூடச் செய்துவிடுவது நலம்.

எந்த அறைக்கு முதலில்? தொழில்நுட்ப நூல்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. குடும்பங்கள் கேட்டாக வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவரின் அலுவல் அறைக்கு முதலிடம் என்பது பொதுவான வழக்கம். அதை முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. அந்த அறையிலிருந்துதான் வீடு நடக்கிறது. எனினும் அலுவல் அறையில் இருப்பவர் எழுந்து கூடத்துக்கு வர இயலும். படுக்கையில் இருப்பவர் எழுந்து வர இயலாது. 1252ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில், அசிசி நகர்ப்புறத்துச் சான் தமியானோ மடத்தில், புனித கிளாரம்மாள் நோயுற்றுத் தனியே படுத்திருந்தார். சகோதரிகள் அனைவரும் நள்ளிரவுச் செபத்துக்குச் சென்றுவிட்டனர். அப்போது நகரிலுள்ள புனித பிரான்சிஸ் கோவிலில் நடந்த வழிபாட்டின் பாடலைத் தம் படுக்கையிலிருந்தே கேட்டார் என்றும், குடிலையும் கண்டார் என்றும் அவர் வரலாறு கூறும். அறைச் சுவரிலேயே கண்டார் என்பது பிற்கால மரபு. இதனை முன்னிட்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை தேர்ந்துகொண்டது ஒரு கலைஞரையோ அறிவியலாரையோ அன்று. வெளியே வர இயலாத ஒரு நோயாளியை. ஆகவே நம் கருத்தைக் கேட்பின், முதல் அடாப்டர் செல்ல வேண்டியது பாட்டியின் அறைக்கே.

பிள்ளைகளின் படுக்கையறையைப் பற்றி ஒரு சொல். அங்கும் சுவரில் பித்தளை முனை இருக்கிறது என்பதற்காக அங்கும் ஒரு கருவி மாட்டியாக வேண்டும் என்பதில்லை. சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட ஏடு, தீங்கானவை இல்லத்துக்குள் நுழையாதவாறு காப்பதைப் பெற்றோரின் கடமையாகவே குறிப்பிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து வயதுப் பிள்ளை நள்ளிரவில் பார்ப்பது என்ன என்று அறியாத பெற்றோருக்கு, நொடிக்கு 2,500 மெகாபிட் வேகம் ஒரு நன்மையும் செய்யாது. படிப்பதற்கு எல்லாரும் நடமாடும் அறையிலேயே ஒரு மேசை போட்டு, அங்கே கம்பியை இழுங்கள். ‘எல்லா வீட்டிலும் கொடுத்திருக்கிறார்கள்’ என்ற வாதம் பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் எழும். நாம் அறிந்தவரை அது எல்லா வீட்டிலும்தான் எழுகிறது.

இனி நம் தமிழ்நாட்டு வீடுகள். அமெரிக்காவிலிருந்து வரும் மகன் அன்போடு இரண்டு அடாப்டர்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் அவை இங்கே பயன்படுமா? பயன்படலாம், சில நிபந்தனைகளோடு. மின் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டில் உள்ளூர்க் கேபிள்காரரின் கம்பியானால் மோதல் இல்லை. ஆனால் மொட்டைமாடியில் டிஷ் வைத்து டி.டி.எச். பார்க்கும் வீடாயின் அந்தக் கம்பியில் மோக்காவைச் சேர்க்கலாகாது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் குறியலை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால், மோக்காவின் இடம் முழுவதையும் அது பிடித்துக்கொள்கிறது. அதுமட்டுமன்று, செட்டாப் பெட்டி அதே கம்பி வழியாக டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்புகிறது, அடாப்டர் கெட்டுவிடக் கூடும். டி.டி.எச். சந்தாவை நிறுத்திவிட்டவர்கள், டிஷ் முனையிலும் பெட்டி முனையிலும் கம்பியைக் கழற்றிய பிறகு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆயினும் நம் வீடுகளுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. அமெரிக்க மரவீட்டில் கோஆக்சியல் கம்பியை மரச்சட்டத்தோடு ஆணிக்கொக்கியால் இறுக்கி, மேலே பலகை அடித்து மூடிவிடுகிறார்கள். அதை இனி அசைக்க இயலாது. ஆகவேதான் அந்தக் கம்பியையே பயன்படுத்தும் மோக்கா அங்கே தேவைப்படுகிறது. நம் நாட்டிலோ, அண்மைக் காலத்தில் கட்டிய வீடுகளில், சுவருக்குள் பி.வி.சி. குழாய் புதைத்து அதற்குள்ளேயே டி.வி. ஒயரை விட்டிருக்கிறார்கள். குழாய் இருக்குமிடத்தில் பழைய கம்பியே புதிய கம்பிக்குக் கயிறாகும். கூடத்து முனையில் பழைய கோஆக்சியலின் நுனியோடு கேட் 6 வகை லேன் கேபிளின் நுனியை வைத்து, இன்சுலேஷன் டேப்பால் மொத்தையாகாமல் கூம்பாகச் சுற்ற வேண்டும். ஒருவர் பின்னறையில் நின்று பழையதை மெல்ல இழுக்க, மற்றவர் கூடத்தில் நின்று புதியதை மடங்காமல் ஊட்ட வேண்டும். முட்டியில் சிக்கினால் முரட்டுத்தனம் கூடாது. சற்றுப் பின்வாங்கி, கேபிளின் மேல் முகப்பவுடர் தடவி, மறுபடி இழுத்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு வரும். 100 மீட்டருக்குள் உள்ள நீளத்துக்கு நொடிக்கு 1,000 மெகாபிட் தங்கு தடையின்றி ஓடும். இருபுறமும் அடாப்டர் வேண்டாம். பின்னறையில் வைஃபை பெட்டி ஒன்று போதும்.

குழாய் மின்கம்பிக்கு உரியதாயிருந்தால் மட்டும் லேன் கேபிளை அதற்குள் விடாதீர்கள், ஆபத்து. டி.வி.க்கென்று தனிக்குழாய் இருக்கிறதா என்று வீடு கட்டிய எலக்ட்ரீசியனையே கேட்டுவிடுங்கள். இழுக்கும்போது லேன் கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்து, இரு முனையிலும் ஒரு முழம் நீளம் சுருட்டிக் குழாய்க்குள் விட்டுவையுங்கள். பத்தாண்டு கழித்து வேறெதையேனும் இழுக்க வேண்டி வரும்போது அந்தக் கயிறு அங்கே இருக்கும்.